பூர்வீகம் தெரிந்தவர்

மனித குலத்தில் ஒரு பிரிவினர் உண்டு. அவர்களுக்கு சினிமா அவ்வளவாகப் பிடிக்காது. எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் திரையில் ஒரு பெண் முகம் தெரிந்தால் போதும், அவள் எங்கே பிறந்தாள், பள்ளியில் எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டாள், யார் கையைப் பிடித்து உள்ளே வந்தாள், யார் காலை வாரிவிட்டு மேலே போனாள் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாலே போதும். உங்களுக்குத் தெரிந்தவர்களில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்: பக்கத்து மேஜைக்காரராக, சகலையாக, பல் மருத்துவராக. பல் மருத்துவர்தான் இருப்பதிலேயே ஆபத்து. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி மறுத்துப் பேசுவது?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாய்த்தவர் இரண்டாம் மாடியில் இருக்கிறார். நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பூர்வீகம்’. பகலில் அவருக்கு அரசாங்க வேலை. கடைகளின் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தாலும் விடமாட்டார். கடைக்காரர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாரே, அப்போது அந்தக் கறாரையும் சேர்த்து மாட்டிவிடுவார்.

அவருடைய ஆராய்ச்சி முறை எளிது. நடிகை படித்தவள் என்று தெரிந்தால், “இவ்வளவு படிச்சவ எதுக்கு இந்த வேலைக்கு வரணும்? அங்கதான் விஷயமே இருக்கு” என்பார். படிக்காதவள் என்றால், “வேற என்ன வேலை தெரியும், பாவம்” என்பார். அப்பா அம்மா இருவரும் சினிமாவில் இருந்தார்கள் என்றால் சிபாரிசு. சினிமாவில் ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாமல் வந்தவள் என்றால் பேசவே மாட்டார். புருவத்தை மட்டும் ஒருமுறை தூக்கி இறக்குவார். அந்தப் புருவத்தில் மூன்று பாகம் வரக்கூடிய கதை இருக்கும். மொத்தத்தில், ஒரு பெண் யோக்கியமாக அந்தத் தொழிலுக்குள் வருவதற்கு அவர் ஒரு வாசலையும் திறந்து வைக்கவில்லை.

இது வெறும் பொழுதுபோக்காகவே போயிருக்கும். நாங்களும் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, துணி உலர்த்தப் போயிருப்போம். ஆனால் போன வருஷம் ஒரு நடிகை எங்கள் குடியிருப்பிலேயே வாடகைக்கு வீடு கேட்டார்.

முதல் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. அதன் சொந்தக்காரர் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். யாருக்கும் நோகாமல் பேசுகிற மனிதர். அவர் என்னிடம் வந்து, “சார், சீரியல்ல மாமியாரா வர்றாங்களே, அவங்க போன்ல கேக்கறாங்க. ஒரே பொண்ணு, பதினாலு வயசு. ஸ்கூல் நம்ம எதிர்லதான். பொண்ணு நடந்தே போய் வந்துடும்னு ஆசைப்படறாங்க. இதுக்கு முன்னாடி மூணு இடத்துல நடிகைன்னதும் இல்லைன்னுட்டாங்களாம். சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாமா?” என்றார்.

சங்கத்தின் செயலாளர் நான்தான். செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் நான் என்பதால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்று ஒரு விதி ஏட்டில் கிடக்கிறது. கடிக்கிற நாயோடு வந்தவருக்காக அந்த ஏட்டை யாரும் திறக்கவில்லை. விடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கிறவருக்காகவும் திறக்கவில்லை. நடிகை என்றதும் தூசி தட்டி எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். நடிகையை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. அதற்குள் அவரைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பூர்வீகம் முன்வரிசையில் இருந்து எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அன்று அவருடைய முகத்தில் இருந்த களையைப் பார்க்க வேண்டுமே! இருபது வருஷம் பயிற்சி எடுத்தவருக்கு முதல் மேடை கிடைத்த மாதிரி.

“எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது. உண்மையை மட்டும் சொல்றேன். இவ ஆரம்பத்துல ஏர்ஹோஸ்டஸ்.”

“போன வாரம் பியூட்டி பார்லர்னு சொன்னீங்களே?” என்றார் டிரம்ஸ்காரர்.

“ஏர்ஹோஸ்டஸ் ஆகறதுக்கு முன்னாடி.”

“அதுக்கு முந்தின வாரம் டான்ஸ் ட்ரூப்புன்னு...”

“அது லீவு நாள்ல. குறுக்க பேசாதீங்க. ஏர்ஹோஸ்டஸ் வேலையில ஏதோ ஒரு சிக்கல். அப்புறம் பெரிய இடத்துப் பழக்கம். அப்புறம் சினிமா. இருபது வருஷமா விடாம வேலை கிடைக்குது. சும்மா கிடைக்குமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். பூர்வீகத்துக்கே முப்பது வருஷமாக விடாமல் வேலை கிடைத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய தாய்மாமன் அதே அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்தபோது கிடைத்த வேலை. அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

இதற்கிடையில் பின்வரிசையில் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, மடியில் ஹெல்மெட். நாற்பத்தைந்து வயதிருக்கும். டிரம்ஸ்காரரின் மனைவி அவரிடம் குனிந்து, “நீங்க மூணாம் மாடி டாக்டரம்மாவோட நாத்தனாரா? பார்த்த முகமா இருக்கு” என்று கேட்டது என் காதில் விழுந்தது. “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார் அந்த அம்மாள். எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருபது வருஷமாக யாருக்காவது நாத்தனாராகவும் சித்தியாகவும் அண்ணியாகவும் வந்து போகிற முகம், நேரில் பார்த்தாலும் சொந்தக்காரி மாதிரிதானே இருக்கும்?

பூர்வீகம் பேசிக்கொண்டே போனார். விமான நிறுவனம் ஏன் விலக்கியது, அந்தப் பெரிய இடம் எந்த மாதிரி பெரிய இடம் என்று விவரம் கூடிக்கொண்டே போனது. பின்வரிசை அம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார்.

“சார், ஒரு சந்தேகம். அந்த ஏர்ஹோஸ்டஸ் வேலையை நான் எதுக்காக விட்டேன்?”

‘விட்டாங்க’ இல்லை. ‘விட்டேன்’. அந்த ஒரு விகுதி போய்ச் சேர எங்களுக்கு மூன்று விநாடி ஆனது. பூர்வீகத்துக்கு நான்கு.

“மேடம்...” என்றார். அதுவரை ‘இவ’. இப்போது மேடம். “நான் பொதுவா பேசிட்டிருந்தேன் மேடம். உக்காருங்க. அட, உக்காந்துதான் இருக்கீங்க.”

அந்த அம்மாள் எழுந்துகொண்டார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். சீரியலில் அப்படித்தான் பேசுவார். ஆனால் வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு விளக்குகிற குரலில் பேசினார்.

“நான் பிளேன்ல ஏறினதே ரெண்டு தடவைதான் சார். ரத்த வங்கியில லேப் டெக்னீஷியன். ஆறு வருஷம். ஒரு நாள் எங்க ஆஸ்பத்திரியில ஷூட்டிங். நர்ஸா நடிக்க வந்த பொண்ணுக்கு ஊசி பிடிச்சா கை நடுங்குது. பழக்கமில்ல, பாவம். ‘இங்க வேலை செய்யறவங்க யாராவது கை மட்டும் குடுங்கம்மா’ன்னார் டைரக்டர். குடுத்தேன். முதல் படத்துல என் கை மட்டும்தான் நடிச்சுது. ரெண்டாவது படத்துல முதுகு. மூணாவதுலதான் முகம் வந்துது.”

ஒருவர் சிரித்தார். அவரும் லேசாகச் சிரித்தார்.

“அப்புறம் டப்பிங். நாலு வருஷம் மத்தவங்களுக்காக அழுதேன். முப்பத்திமூணு வயசுல, முப்பத்தெட்டு வயசு ஹீரோவுக்கு அம்மாவா நடிச்சேன். ‘மகனே’ன்னு கூப்பிட்டா அவர் எனக்கு எழுந்து நின்னு வணக்கம் சொல்லணுமா, நான் அவருக்குச் சொல்லணுமான்னே தெரியல. என்கூட நடிக்கறவங்கள்ல ஒருத்தி வக்கீல். கோர்ட்டுல கேஸ் வரலைன்னு இங்க வந்து ஜட்ஜா உக்காந்திருக்கா. ஒருத்தி டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தவ. இன்னொருத்தி கைக்குழந்தையில இருந்தே கேமரா முன்னாடி இருக்கா. அவளுக்கு வேற உலகமே தெரியாது. எல்லாரும் காலையில ஆறு மணிக்கு ஒரே வேன்ல ஏறுவோம். ஏறினதும் தூங்கிடுவோம். நீ எப்படி இங்க வந்தேன்னு அந்த வேன்ல யாரும் யாரையும் கேட்டதில்ல சார். சாப்டியான்னுதான் கேப்போம்.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நெகிழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஏமாற்றம். இவ்வளவுதானா? வெறும் வேலைதானா? எங்கள் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போவது மாதிரியேவா? கடைசியில் ஒரு எலிகூடக் கிடைக்காமல் மலையைத் தோண்டிய அலுப்பு எல்லார் முகத்திலும் தெரிந்தது.

பூர்வீகம் மட்டும் தளரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்த டைரக்டர் யாரு மேடம்?” என்று கேட்டார். கேள்வி சின்னதுதான். புருவம் பெரியது.

“தவறிட்டார் சார். அப்பவே அவருக்கு எழுபத்திரண்டு வயசு. என் கையைப் பார்த்துட்டு, ‘நகம் வெட்டிட்டு வாம்மா’ன்னார். எங்களுக்குள்ள நடந்தது அவ்வளவுதான்.”

உடனே முதல் ஆளாக ஒரு கை மேலே எழுந்தது. “வீட்டைக் குடுக்கலாம்னு நான் சொல்றேன்.” பூர்வீகத்தின் மனைவி. எங்கள் கூட்டங்களில் அவர் வாயைத் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து இன்னொரு கை, அப்புறம் இன்னொன்று. ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு எட்டு. சம்மதம் கிடைத்துவிட்டது. நானும் தூக்கினேன். ஒன்பதாவதாக.

இத்தோடு எழுந்து போயிருந்தால் நாங்கள் நல்லவர்களாகவே முடிந்திருப்போம். ஆனால் தோற்ற எட்டுப் பேருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா? “சில நிபந்தனைகள் மட்டும்” என்று ஆரம்பித்தார்கள். எட்டு மணிக்கு மேல் விருந்தாளி கூடாது. வருபவர்கள் பெயரை வாசலில் எழுதிவிட்டுப் போக வேண்டும். படப்பிடிப்பு கூடாது. வேன் வாசலில் நிற்கக் கூடாது, தெருமுனையில் நிற்கலாம். மகளின் சிநேகிதர்கள்... இப்படி ஏழு. ஏழையும் அழகான கையெழுத்தில் எழுதியது யார்? செயலாளர்.

நடிகை தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“இது எல்லா வீட்டுக்கும் உண்டா சார்?”

நான் பேனா மூடியைக் கழற்றினேன். மாட்டினேன். மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். பூர்வீகத்தின் மனைவி என்னைப் பார்த்தார்.

“ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் மேடம்” என்றேன்.

“என் பொண்ணு எல்லாத்தையும் எடுத்துப் படிக்கற வயசு சார். இதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கறதை அவ பார்க்க வேண்டாம்.” தாளை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கசக்கிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. வாசல் பக்கம் போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பின் தெருவில் ஒரு தையல் கடைக்கு மேலே அவருக்கு வீடு கிடைத்தது. அந்தத் தையல்காரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: “தண்ணி மோட்டார் சத்தம் தாங்குவீங்களா?” நடிகையின் மகள் இப்போது பையை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறாள். எங்கள் பக்கம் திரும்புவதில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

பூர்வீகத்துக்கு இதில் நஷ்டம் ஏதாவது உண்டா? ஒரு வாரம்தான் சும்மா இருந்தார். எட்டாம் நாள் மாடிப்படியில் அவருடைய குரல்: “எனக்கு நல்லா பழக்கம். நேர்லயே பேசியிருக்கேன். ரத்த வங்கியில இருந்தவங்க. எதுக்கு அந்த வேலையை விட்டாங்கன்னு நினைக்கறீங்க? ரத்தம்னா அதுல என்னென்ன நடக்கும்னு உங்களுக்கே...”

கதவு திறந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, நான் என்ன படிச்சிருக்கேன், சொல்லுங்க பார்ப்போம்.”

“என்ன திடீர்னு... பி.ஏ.தானே?”

“பி.எஸ்ஸி. விலங்கியல். அதனாலதான் உங்களை இத்தனை வருஷமா வச்சுப் பார்க்க முடியுது. உள்ள வாங்க, காபி ஆறுது.”

அவரைக் கேலி செய்து எழுதிவிட்டேன் என்பதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். போன மாதம் மைத்துனன் வீட்டுக்குப் போயிருந்தோம். டி.வி.யில் அந்த சீரியல். மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ, “இவங்க எங்க பில்டிங்குக்கு வர்றதா இருந்தாங்க தெரியுமா? முதல் படத்துல இவங்க கை மட்டும்தான்...” என்று ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் டி.வி.யை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். என்ன சுகம் அது! இருபது வருஷமாக மனுஷர் இதை ஏன் விடவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஏழு நிபந்தனைகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நான் போகட்டும். நீங்கள்? ரத்த வங்கி, டப்பிங், மாமியார் வேடம், ஒரே மகள் என்று படித்துக்கொண்டே வந்தபோது உங்கள் மனம் ஒரு முகத்தைத் தேடிப் போகவில்லையா? ‘அவங்களா இருக்குமோ’ என்று ஒரு பெயர்கூட நுனிநாக்குவரை வந்துவிட்டதல்லவா? தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.