டாங்கிக்கும் ஒரு பொட்டு

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. டாங்கிதான் நசுங்கியது.

கலாதேவி தள்ளிய கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தாள். சாமி மேடைக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், தையல் மெஷின், சோற்றுக் குக்கர், மோட்டார் சைக்கிள் சாவி எல்லாம் சந்தனப் பொட்டோடு சமர்த்தாக இருந்தன. அவற்றுக்கு நடுவில், அவள் புருஷன் தனேஸ்வரன் எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த போர் டாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வலது பக்கத்துச் சங்கிலிப் பட்டை அறுந்துவிட்டது. முன்சக்கரம் உருண்டு போய்க் குக்கருக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பீரங்கிக் குழாய் கழன்று விபூதித் தட்டில் விழுந்திருந்தது.

ஆயுத பூஜையன்று வாகனம் என்றால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஈப்போ புந்தோங்கில் மண் லாரி முதல் பிள்ளைகளின் சைக்கிள் வரை இதற்கு விலக்குக் கிடையாது. அவள் யோசிக்காமலும் செய்துவிடவில்லை. டாங்கி ஒரு சாண்தான் நீளம் என்பதால், மீ கோரெங் நூடுல்ஸில் பிழிகிற கஸ்தூரி எலுமிச்சையில் ஆகச் சின்னதாக இரண்டைப் பொறுக்கி எடுத்துத்தான் பட்டைக்கு முன்னால் வைத்தாள். இவ்வளவும் யோசித்த மகராசி, டாங்கி பிளாஸ்டிக் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தனேஸ்வரன் லூமுட்டில் கப்பல் பட்டறை வெல்டர். வாரம் முழுக்க அங்கேயே தங்கி இரும்பை ஒட்டிவிட்டு, லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கை ஒட்டுவார். மலேசிய இராணுவத்தின் பெண்டேக்கார் டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் அது. சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியையும் இடுக்கியால் பிடித்துத் தனித்தனியாகக் கோத்திருந்தார். மேலே பதித்த கவசக் கட்டைகள் மட்டும் முந்நூற்றுச் சொச்சம். கல்யாண நாளை மறந்த மனிதருக்கு அந்த எண்ணிக்கை மட்டும் மறக்காது.

இந்தக் கூத்துக்காக வீட்டின் பின்னறை போனது. கலாதேவியின் தையல் மெஷின் அடுப்படியில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. அவள் தைக்கும் பட்டு ரவிக்கைகள் சம்பல் வாசத்தோடு ஊருக்குப் போயின. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இருபத்து மூன்று ரவிக்கைகள் பாக்கி.

ஜூன் மாதம் அவள் துடைப்பம் பட்டு டாங்கியின் ஏரியல் ஒடிந்தது. அதற்கு அந்த மனிதர் மூன்று வாரம் புலம்பினார். பொறுக்க மாட்டாமல் அவள் சாமி மேடைக்கு முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டாள்.

"இனிமே என் கை பட்டு இதுல ஏதாவது ஒடஞ்சா, அடுத்த வருஷத் தீபாவளி வரைக்கும் ரூம கேக்க மாட்டேன். போதுமா? ஆனா அக்டோபர் போட்டிக்கு இது போயே ஆகணும். போகலன்னா மறுநாளே ரூம் எனக்கு. போனாலும் எனக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் ஒரு பேரங்காடியில். இன்று புதன். நாலு நாள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அறை அவளுக்கு.

சும்மா இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் நேற்று லூமுட்டிலிருந்து அவரே போன் பண்ணியிருந்தார்.

"கலா, நாளைக்குப் பூஜையில டாங்கிக்கும் ஒரு பொட்டு வச்சிரு. அதுவும் வாகனம்தானலா."

"நானா? தொடக் கூடாதுன்னீங்களே."

"நீ தொட்டா என்ன ஆகிடப் போவுது? நல்லா கையில தூக்கியே வை."

கலாதேவிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் தன் சாமானை அவளை நம்பி ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. அந்த நெகிழ்ச்சியில்தான் ஒரு பொட்டுப் போதும் என்று விடாமல் ஏழு பொட்டு வைத்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், எலுமிச்சம்பழத்துக்கும் போனாள்.

இனி அடுத்த வருஷத் தீபாவளி வரை பிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும்.

முதலில் பொட்டுகளை அழித்துவிடலாம் என்று பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தொட்டுத் துடைத்தாள். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை, பதற்றத்தில் மறந்துபோனது. டாங்கி பச்சையிலிருந்து ரத்தச் சிவப்புக்கு மாறியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"பொட்டு வச்சியா?"

"வச்சேங்க."

"கையில தூக்கினியா?"

"தூக்கினேன்."

"ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணுமே ஆகலயா?"

"ஏங்க, என்ன ஆகணும்?"

"சும்மாதான் கேட்டேன்."

குரலே இறங்கிப் போயிருந்தது. பாவம், பிள்ளையை விட்டுவிட்டுப் போன மாதிரி தவிக்கிறாரே என்று கலாதேவி நினைத்தாள். பொய் சொன்ன வாய் கசந்தது. போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டு ஷாமினியைக் கூப்பிட்டாள்.

ஷாமினி கிளினிக்கில் வேலை செய்கிறவள். அதனால் உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் தன்னிடம் மருந்து இருக்கிறது என்று நம்புகிறவள். டாங்கியைப் பார்த்ததும், "அலாமாக், அக்கா" என்றாள். பிறகு வீட்டுக்கு ஓடிப் போய் நகப்பூச்சு அழிக்கும் தண்ணியைக் கொண்டு வந்தாள்.

"என்ன கறையா இருந்தாலும் போயிரும்கா."

போயிற்று. கறை போயிற்று, கறைக்கு அடியில் இருந்த பெயிண்ட் போயிற்று, பெயிண்டுக்கு அடியில் இருந்த கவசக் கட்டைகளும் இளகிக் கேசரியாகிப் போயின. ஷாமினி பஞ்சை எடுத்தபோது பஞ்சோடு பதினாலு கட்டைகள் வந்தன.

"ஷாமினி, நீ வீட்டுக்குப் போம்மா."

"இன்னொரு ஐடியா இருக்குக்கா."

"வேணாம். போ."

வியாழக்கிழமை காலை பசியாறக்கூட இல்லை. ஒரு குழாய் சூப்பர் குளூ வாங்கி வந்து, மேசையில் பழைய தமிழ்ப் பேப்பரை விரித்து, டாங்கியைப் படுக்க வைத்து அறுந்த பட்டையையும் கழன்ற பீரங்கிக் குழாயையும் ஒட்டினாள். பட்டை ஒட்டியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறி விரலைப் பிரித்துக்கொண்டு வந்து பார்த்தால், டாங்கி பேப்பரோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தாள். டாங்கியின் பக்கவாட்டில் 'தீபாவளி மாபெரும் மலிவு விற்பனை' என்ற வரி வெள்ளையும் சிவப்புமாகப் பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலம் மறுபடி போன்.

"கலா, டாங்கி மேல தூசி படிஞ்சிருக்கும். துணிய எடுத்து நல்லா அழுத்தித் தொடச்சு வை."

"தூசியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்கு."

"அழுத்தித் தொடச்சியா?"

"அழுத்தித்தான் தொடச்சேன்."

"அப்பவும் ஒண்ணும் ஆகலயா?"

"உங்க கைவேலைங்க. அவ்வளவு சீக்கிரம் ஒடஞ்சிருமா?" என்றாள் கலாதேவி. இந்த ஒரு வரிக்காவது மனுஷன் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தாள். ஆனால் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சுத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஹார்ட்வேர் கடைக்குப் போனாள்.

"பச்சை பெயிண்ட் வேணும்."

"எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

டாங்கிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "வாசல் கேட்டுக்கு" என்றாள்.

கேட்டுக்கு உள்ள பெயிண்டையே கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூன்று பூச்சு அடித்தாள். டாங்கி வாழையிலைப் பச்சையில் பளபளத்தது. அப்படியும் மலிவு விற்பனை உள்ளேயிருந்து மங்கலாக எட்டிப் பார்த்தது. பெயிண்ட் காயவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்துவிடுவார். தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கொண்டு வந்து உச்சச் சூட்டில் வைத்துப் பத்து நிமிஷம் காட்டினாள். பெயிண்ட் காய்ந்தது. ஆனால் சூட்டில் பீரங்கிக் குழாய் துவண்டு தலை குனிந்தது. பகைவனைச் சுட வேண்டிய டாங்கி, குற்றம் செய்த பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கலாதேவி அதன் எதிரிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"வீடியோ கால் போடு, டாங்கியப் பாக்கணும்."

"லைன் இல்லீங்க."

"இப்பப் பேசிக்கிட்டுத்தான இருக்கோம்?"

"பேசறதுக்கு மட்டும் இருக்கு."

"கலா, மறைக்காம சொல்லு. ஒடஞ்சிருச்சா? உன் கை பட்டு ஒடஞ்சிருந்தா நான் ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டேன்."

எவ்வளவு இதமான குரல். கலாதேவிக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. வாயைத் திறந்தாள். பிரிட்ஜ் உறுமியது. பக்கத்தில் இருபத்து மூன்று ரவிக்கைத் துணிகளும் மடித்த மாதிரியே கிடந்தன. புதன்கிழமையிலிருந்து ஒரு தையல்கூட ஓட்டவில்லை.

"டாங்கி நல்லாத்தாங்க இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஷாமினி ஓட்டிய காடியில் ஏறினாள். மடியில் துண்டு போர்த்திய டாங்கி. பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஆ லெக்கின் மாடல் கடை இருக்கிறது. தனேஸ்வரன் பெட்டியும் பெயிண்டும் வாங்குவதெல்லாம் அங்கேதான். ஆ லெக்கின் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பால் மரத்துக்கு நடுவில் வளர்ந்த ஆ லெக்குக்குச் சீனத்தைவிடத் தமிழ்தான் சரளம்.

"வாங்கக்கா. தனேஷ் அண்ணே வரல?"

"சாயங்காலம்தான் வராரு. அதுக்குள்ள இதச் சரி பண்ணணும்."

துண்டை விலக்கினாள். ஆ லெக் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"யாருக்கா பெயிண்ட் அடிச்சா?"

"நான்தான்."

"கேட் பெயிண்டா?"

"ம்."

"பீரங்கி ஏன் இப்படி கீழ பாக்குது?"

"சூடு பட்டுருச்சு."

"மலிவு விற்பனைன்னு போட்டிருக்கே."

"அது தானா வந்துச்சு. நாளைக்குப் போட்டிக்குப் போற மாதிரி ஆக்கித் தர முடியுமா, முடியாதா?"

ஆ லெக் டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கரைந்த கட்டைகளைத் தடவினான். வாசலில் நின்ற ஷாமினி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுக்கா. இனிப் புதுசாத்தான் செய்யணும். எட்டு மாசம் ஆகும்."

எட்டு மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் கலாதேவி அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாலு நாள் அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது. பூஜை, பொட்டு, எலுமிச்சம்பழம், சாமி முன்னால் செய்த சத்தியம், பிரிட்ஜ் பக்கத்து மெஷின், இருபத்து மூன்று ரவிக்கைகள் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"அந்த மனுஷன் என்னை நம்பித் தூக்கச் சொன்னாருய்யா. தினமும் போன் போட்டுப் போட்டுக் கேக்கறாரு. ஒடஞ்சிருந்தாலும் கோவிக்க மாட்டேன்னு சொல்றாரு. அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட நாலு நாளாப் பொய் சொல்லிட்டு இருக்கேன். ரூம் போனாப் போவுது. சாயங்காலம் வந்ததும் உண்மையச் சொல்லிக் கால்ல விழுந்துரப் போறேன்."

ஆ லெக் தலையைச் சொறிந்தான். கழன்று வந்த முன்சக்கரத்தை விரல் நுனியில் எடுத்து மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தான். அவளையும் பார்த்தான், ஷாமினியையும் பார்த்தான். இவ்வளவு அழுகைக்கு என்ன காரணம் என்று அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"எதுக்குக்கா கால்ல விழணும், போன ஞாயித்துக்கிழமையே இது மேல உக்காந்து நொறுக்கிட்டு அண்ணேதான் இங்க தூக்கிட்டு வந்தாரு; 'கெட்டியா ஒட்ட வேணாம் லெக், தொட்டா விழற மாதிரி சும்மா நிக்க வச்சுக் குடு, மிச்சத்த என் சம்சாரம் பாத்துக்குவா'ன்னாரு."