சொட்டும் டிராக்டரும் சேர்க்கக் கூடாத டிரைவரும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். போன கடிதத்துக்கு நீ பதில் போடாததால் நீயும் நலமாக, சோம்பலாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

உன் அத்தான் விட்டுப்போன டிராக்டர் மூன்று வாரமாக ஹைட்ராலிக் ஆயிலைக் கக்குகிறது. அவர் இருந்தவரை ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. முதல் மெக்கானிக் குழாயை மாற்றினார், ஒழுகியது; இரண்டாமவர் சீல் எல்லாவற்றையும் மாற்றினார், இன்னும் நன்றாக ஒழுகியது; நானே அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒவ்வொரு குழாயின் அடியிலும் நீட்டிப் பார்த்தேன், அட்டை சுத்தமாக இருந்தது, என் வெள்ளைச் சேலை பாழானது. தினமும் காலையில் டிரைவர் கலப்பையைத் தூக்கி நிறுத்தியதும் நான் ஆயில் தொட்டிக்குள் இருக்கும் அளவுக்கம்பியை உருவித் துடைத்துப் பார்க்கிறேன். கலப்பை தரையில் கிடக்கப் பரிசோதிப்பதில்லை. பரிசோதனைக்கு நிற்பவர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் கான்வென்ட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் குறைகிறது, தினமும் ஊற்றுகிறேன், வயலுக்குப் போனதும் மூடி வழியே கொப்பளிக்கிறது.

நேற்று டிரைவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது கேக்கவே இல்லம்மா, நீங்கதான் புடிச்சு ஊட்டி விடுறீங்க!"

"யாருகிட்ட பேசுறீங்க?" என்றேன்.

"வண்டிக்காகப் பேசுறேன். அதுக்கு வாயில்லையே!"

பதினோரு வருஷ வேலை. அந்த நிமிஷமே அனுப்பிவிட்டேன். உன்னிடம்தான் வேலை கேட்டு வருவார். சேர்க்காதே. மேகம் கூடிக்கொண்டே வருகிறது, மேற்கு வயல் உழாமல் கிடக்கிறது, இரண்டு நாளில் மழை வந்தால் இந்தப் போகம் போயிற்று. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டேன். ஆகவே நீ உடனே வந்து இந்த டிராக்டரை யாருக்காவது தள்ளிவிடு. வேறு டிரைவரும் பார். பணிவாகப் பேசுகிறவராக இருக்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மூன்றாவது மெக்கானிக் இப்போதுதான் வந்தார். ஒன்றையும் கழற்றவில்லை. கலப்பையைக் கீழே இறக்கினார், கம்பியை உருவினார், சிரித்தார். "தூக்கி வெச்சா பாதி ஆயில் சிலிண்டருக்குள்ள போயிடும்மா, கம்பியில கம்மியாத்தான் தெரியும். இறக்கினா எல்லாம் திரும்பி வரும். நீங்க மேல மேல ஊத்தினா அது எங்கதான் போகும்? லீக்கே இல்லியே!" உன் அத்தான் காலத்தில் ஏன் ஒழுகவில்லை என்றேன். அவர் கம்பியை உருவியே பார்த்திருக்க மாட்டார் என்கிறார். உண்மைதான்.

அடித்துத் திருத்திய கடிதத்தை நான் அனுப்புவதில்லை. மேலே உள்ளது அப்படியே நிற்கட்டும், நீ படிக்காதே. தபாலுக்குக் காத்திராமல் மெக்கானிக் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். டிரைவர் அங்கே இருந்தால் நான் வருந்தியதாகவெல்லாம் சொல்லாதே. அக்கா கலப்பையைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறாள் என்று மட்டும் சொல். அவருக்குப் புரியும்.