நூற்றிருபத்தொரு ஆழாக்குக் கல்யாணம்

ஜொகூர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் திருப்பிக் கிராணியாரைப் போல இன்னொரு கிறுக்கர் அகப்படமாட்டார். கூடவே குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குக் கணக்கெழுதும் வேலை. அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத எண் என்றால் மனிதருக்கு உயிர்; 'திருப்பி' என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் அல்லவா? அதில் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

"121 ஆழாக்கு அரிசி. திருப்பிப் பாரு, 121. அதையே மரக்கால்ல அளந்தா ஒரு மரக்கா, ஏழு படி, ஒரு ஆழாக்கு. ஒண்ணு ஏழு ஒண்ணு, அதையும் திருப்பிப் பாரு! ரெண்டு கணக்குலயும் அசையாதுடா தம்பி!"

காலையில் ஆள் கூடும் பெரட்டில் யாரையாவது பிடித்து நிறுத்தி இதைச் சொல்வார். பிடிபட்டவன் ரப்பர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

நாற்பது வயதில் ஒருவழியாகப் பத்து பாகாட் ஊரில் பெண் அமைந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும் பலகாரத்தைத் தொடாமல் இந்தக் கணக்கைத்தான் விளக்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் எப்படிச் சம்மதித்தார்களோ, அந்த முருகனுக்கே வெளிச்சம்.

கல்யாண அரிசி 121 ஆழாக்கு. ஒரு மணி கூடக்கூடாதாம். முகூர்த்தம் அந்தியில், பந்தி மத்தியானமே. பெண் வீட்டார் லாரி லாரியாக வந்து இறங்க, கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை.

"சோத்துக்கு வழியில்லாத எடத்துல பொண்ணக் குடுக்க நான் என்ன கிறுக்கனா? எல்லாரும் ஏறுங்க லாரியில!" என்று பெண்ணின் அப்பா துண்டை உதறினார்.

"அலமாக்! ரெண்டு படி போட்டா முடிஞ்சிச்சுலா ஐயா!" என்று சமையல்காரர் கெஞ்சினார்.

"போட்டா 137 ஆயிரும். அடுத்து அசையாத எண்ணு 292தான். நாலு மரக்கா, நாலு படி, நாலு ஆழாக்கு. அம்புட்டு அரிசிக்கு எங்க போவேன்?"

இந்தப் பெண்ணும் போனால் ஆயுசுக்கும் தனிக்கட்டைதான் என்று கிராணியாருக்கும் தெரியும். கை படியை எடுக்கிறது, மனசு விடமாட்டேன் என்கிறது.

அப்போது மணப்பெண்ணே மாலையும் கழுத்துமாக அடுப்படிக்கு வந்தாள்.

"அந்த உலைய விடுங்க. தனி உலை வைங்க. அதுல ஒம்பது ஆழாக்கு. ஒம்பதத் திருப்பினாலும் ஒம்பதுதான். அளந்தா ஒரு படி ஒரு ஆழாக்கு. ஒண்ணு ஒண்ணு, அதுவும் அசையாது. பத்தலன்னா இன்னொரு உலை."

கிராணியார் பாய்ந்துபோய் ஆழாக்கை எடுத்து அளந்தார். மூன்று உலை கொதித்தது. மாமனார் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தாலி கட்டி முடித்ததும் கிராணியார் மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீங்கதான சொன்னீங்க? நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

அத்தனை வருஷமும் நாங்கள் சிரித்திருக்கிறோமே தவிர, ஒரு பயல் காது கொடுத்துக் கேட்டதில்லை. கிராணியாருக்குக் கண் நிறைந்துவிட்டது, பாவம். எனக்கும்தான்.