உதாரண புருஷரின் இரத்தம்

“ரெண்டு குழாயிலயும் பேரை மாத்தி ஒட்டியிருக்க. ஒத்துக்கிட்டா... வேலை மிஞ்சும்.”

டாக்டர் உருத்திரமூர்த்தி இப்படித்தான் பேசுவார். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கனைத்து, எதிரே நிற்பவரைக் காக்க வைத்துவிட்டு மீதியை வழங்குவார். ராமநாதபுரத்தில் ஏதோ ஒரு சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதிலிருந்து நிறுத்தம் இன்னும் நீண்டுவிட்டது. பொன்னாடையும் இறங்கவில்லை. ஆடுகூட நிழல் தேடும் வெயிலில் ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டு, சரிகைக்குள் புகுந்து, இடது விலாவில் கையை ஊன்றி, சிலை செய்ய அளவு கொடுப்பவர்போல நிற்பார். மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்று, சுவரில் ஒட்டடை கண்டுபிடித்து யாரையாவது திட்டுவார். மருந்துக் கம்பெனிக்காரர் கொண்டுவந்த பிரியாணியை, “இதுக்கெல்லாம்... மயங்குற ஆளில்லை நான்” என்று திருப்பி அனுப்பினார்.

“நான் மாத்தலை சார்,” என்றாள் ஹெலன். அவருடைய மருத்துவமனையின் லேப் டெக்னீஷியன். தன் கைமேல் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

விஷயம் இதுதான். நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் சீழ் கோக்கும் நோய், பார்வைக்கு ஒன்றானாலும் உள்ளுக்குள் ஒன்றல்ல. சீழில் உள்ள புரதங்களை அலசினால் வகை பிரிக்கலாம் என்கிறார்கள். ஒரு வகையில் உடம்பு கொதித்துத் தானே அடங்கும். குழாய் போட்டு வடித்து மருந்து கொடுத்தால் போதும். இன்னொன்றில் சீழ் உறைந்து வலை பின்னி, அறை அறையாகத் தடுத்துக்கொள்ளும், அதற்குக் கத்திதான். இந்த அடையாளம் இரத்தத்திலும் தெரிகிறதா என்று சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு நோயாளியின் இரத்தமும், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரோக்கியசாலியின் இரத்தமும் கேட்டிருந்தார்கள்.

நோயாளி தங்கச்சிமடத்து மீனவர் சந்தியாகு. ஆரோக்கியசாலி யார் என்பதில் டாக்டருக்குக் குழப்பமே இல்லை.

“உதாரண புருஷன்... இங்கன நான் ஒருத்தன்தான்,” என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

முடிவு வந்தது. சந்தியாகு முதல் வகை, அடங்கிக்கொண்டிருக்கிறது. உதாரண புருஷர் இரண்டாம் வகை, கொழுந்துவிட்டு எரிகிறது.

“சந்தியாகு உனக்கு என்ன வேணும்?”

“மாமா முறை சார்.”

“அதானே! மாமனுக்கு நல்ல ரிசல்ட்டு... எனக்குச் சீக்கு!”

உடனே மதுரைக்கு போன் போனது. சந்தியாகுவின் விலாவைத் திறக்க ஏற்பாடாயிற்று.

“ஏத்தா ஹெலனு, எனக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. நேத்து ரெண்டு தட்டுச் சோறு தின்னேன். என்னைய எதுக்குக் கிழிக்கிறாக? தடைக்காலம் முடியப்போகுது, விலாவைத் திறந்துபோட்டா வலைய யாரு இழுக்குறது?”

“கிழிக்க விடமாட்டேன் மாமா,” என்றாள் ஹெலன்.

டாக்டரிடம் போய், மறுபடி எடுப்போம் என்றாள். இந்தத் தடவை நர்ஸ் நூர் நிஷா சாட்சி. அவள் முன்னாலேயே இரண்டு பேர் கையிலும் ஊசி ஏறியது, அவள் முன்னாலேயே பெயர் ஒட்டியது.

சந்தியாகு இன்னும் தேறியிருந்தார். உதாரண புருஷர் இன்னும் மோசமாகியிருந்தார்.

“அப்ப அவளும் கூட்டு!” என்றார் டாக்டர்.

வேலை போகக் காத்திருந்தவர்கள் இப்போது இரண்டு பேர். “அல்லாவே! நான்பாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். என்னைய ஏண்டி சாட்சிக்கு இழுத்த?” என்று நூர் நிஷா ஹெலனைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நீங்களே எடுங்க சார்,” என்றாள் ஹெலன்.

எடுத்தார். தன் கையாலேயே பெயர் எழுதினார். ஐஸ் பெட்டிக்குப் பித்தளைப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். பெட்டி சென்னை போயிற்று. சாவி ராமநாதபுரத்தில் இருந்தது. சென்னையில் இருந்தவர்கள் பூட்டை உடைத்துத்தான் குழாயை எடுத்தார்கள். முடிவு பழைய முடிவே.

“பூட்டை உடைச்சிருக்கான்! சென்னை வரைக்கும்... உன் சொந்தக்காரங்களா?”

ஹெலனுக்குப் பொறுமை போயிற்று. “ரத்தத்துக்குத்தான சார் பேரு ஒட்டணும்? நெஞ்சை யாரு மாத்த முடியும்? ரெண்டு பேரும் எக்ஸ்ரே எடுங்க.”

டாக்டருக்கு இது பிடித்துப்போயிற்று. எல்லார் முன்னிலையிலும் படத்தை மாட்டிக் காட்டலாமே! படம் வந்த கையோடு சந்தியாகுவை மதுரைக்கு ஏற்ற வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்தச் சொன்னார். ஹெலனின் கணக்கை முடிக்கவும் சொன்னார்.

எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கும் சின்னச்சாமி தலையைச் சொறிந்தான். “சார், கழுத்துல கிடக்குற உருத்திராட்சத்தைக் கழட்டிட்டா நல்லது. படத்துல விழும்.”

“ஏலே, எனக்கு... எக்ஸ்ரே சொல்லித் தர்றியா?”

தங்கப் பூண் போட்ட உருத்திராட்சம். அது இறங்கவில்லை.

இரண்டு படங்களும் விளக்குப் பெட்டியில் மாட்டப்பட்டன. ஹெலன், நூர் நிஷா, சந்தியாகு, அவர் மனைவி மிக்கேலம்மாள், ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. ஒரு படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. மற்றதில் இடப்பக்கம் கீழே, உப்பளம் விளைந்ததுபோல ஒரே வெள்ளை.

“பாத்தியா!” டாக்டர் வெள்ளையின்மேல் விரலை வைத்தார். “குட்டு... உடைஞ்சு போச்சு. இந்த ஆளை நடக்கவே விடக்கூடாது. இப்பவே... ஸ்ட்ரெச்சர்ல ஏத்துங்க!”

யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் அவர் விரலுக்குச் சற்று மேலே நின்றது. படத்தில், நடுநெஞ்சில், தங்கப் பூணோடு உருத்திராட்சம் தெள்ளத்தெளிவாகத் தொங்கியது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். குனிந்து தன் கழுத்தைப் பார்த்தார். கை தானாக இடது விலாவுக்குப் போனது.

மிக்கேலம்மாள் இரக்கத்தோடு சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரவுகளுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு டாக்டரய்யா, வெயில்ல போர்வையும், விலாவுல கையும், நிறுத்தி நிறுத்திப் பேசுறதும் பாத்துட்டு, படகுச் சங்கத் தலைவராகப் போற மெதப்பாக்கும்ண்டு நாங்களும் சும்மா இருந்துட்டோம்.”