காருக்கு வாயைப் பெரிதாக்கிய கதை

எதையும் எண்ணிப் பார்க்கிறவன் ஏமாறமாட்டான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில், எண்ணுகிறவன் மற்றவர்களைவிடத் தைரியமாக ஏமாறுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது என் தொழிலாக இருந்தது. ஒரு கட்டம் ஓர் இழை. அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள்; அட்டை சொல்கிறபடி தறி இழையைத் தூக்கும். கரையை அகலமாக்கினால் அட்டையையும் மாற்றியாக வேண்டும். இதை மறந்தவர்களை நான் லேசில் விட்டதில்லை.

எங்கள் பழைய கார் ஐந்து பேர் ஏறினால் முனகும். (படியேறினால் நானும்தான்.) மகள் மலரின் நிச்சயதார்த்தத்துக்கு வரும் சம்பந்தி வீட்டாரை ரயில் நிலையத்திலிருந்து அதில்தான் அழைத்து வர வேண்டும். ராகு காலத்துக்கு முன் தட்டு மாற்றியாக வேண்டும். கவலையில் யூடியூப் பார்த்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் ஒரு குழாயில் உட்கார்ந்திருக்கிறதாம். பெரிய குழாய் போட்டால் வண்டி தாராளமாக மூச்சு விடுமாம். அறுபது மில்லிமீட்டர் குழாயைக் கழற்றி எழுபது மில்லிமீட்டர் குழாயை மாட்டினேன். வாய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டதென்று கணக்கும் போட்டேன்.

மலர் ஒரகடத்தில் கார் தொழிற்சாலை இன்ஜினியர். “அதே சென்சார பெரிய பைப்ல வச்சா காத்தக் கம்மியாத்தாம்பா காட்டும். கம்ப்யூட்டரு பெட்ரோலும் கம்மியா விடும். அதோட கணக்கையும் மாத்தணும்.”

“காத்துக்கு ஏம்மா கணக்கு?” என்றேன். வாழ்நாளில் ஒன்றை நான் எண்ண மறுத்தது அன்றைக்குத்தான்.

ரயில் நிலையத்தைத் தாண்டியதும் வண்டி விக்கத் தொடங்கியது. வேகம் குறைந்த இடத்திலெல்லாம் அணைந்தது. ராஜ வீதி நடுவில் நின்றேவிட்டது. பின்னால் இரண்டு பேருந்துகள், ஒன்பது ஆட்டோக்கள். மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். சம்பந்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் கேட்டார்: “வடம் எதுனா இருக்குதா? தேர் மாதிரி இழுத்துடலாம்.” சம்பந்தியம்மா மடியில் தாம்பூலத் தட்டோடு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குக் கிலி. ராகு காலத்துக்கு இருபது நிமிடம். என் மகளின் கல்யாணம் என் கண்ணெதிரே, நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் செய்தேன். நிச்சயப் புடவையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் மலர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்து குனிந்தாள். சம்பந்தியம்மா தட்டைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் நேராகப் போய், எஞ்சினில் படவிருந்த மலரின் முந்தானையை அள்ளிக் கையில் சுற்றிக்கொண்டார். “நீ வேலயப் பாரும்மா. முந்திய நா புடிச்சிக்கினு இருக்கறேன்.”

மலர் சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். “இது தப்பா அளக்கறதுக்கு, அளக்காம குத்துமதிப்பா ஓடறதே தேவலப்பா.”

வண்டியைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிய, வண்டி நொண்டிக்கொண்டே வீடு சேர்ந்தது. தட்டு மாற்றும்போது நான்கு நிமிடம் மிச்சம்.

பந்தியில் மலர், அட்டையை மாற்ற மறந்தவர்களை நான் திட்டிய கதையையும் போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து நான் புதுக் கண்ணாடி மாட்டினால்கூடச் சம்பந்தியம்மா விசாரிப்பார்: “அட்டய மாத்தினீங்களாண்ணே?”

காரில் பழைய குழாயே திரும்பிவிட்டது. பெரிய குழாய் என் மேஜைமேல் பேனாக்கூடு. பதினைந்து பேனா நிற்கிறது. பழையதாக இருந்தால் பதினொன்றுதான் நின்றிருக்கும். வீட்டில் ஒருவரும் இதை ஒரு முன்னேற்றமாக ஒப்புக்கொள்வதில்லை.