ரப்பர் மரத்தில் மட்கார்டு செய்த கதை

கைத்தொழில் தெரியாதவன் ஒரு பொருளைச் செய்ய இறங்கினால், கஷ்டமான வேலையை எப்படியோ முடித்துவிடுவான். சுலபமான வேலையில்தான் மாட்டிக்கொள்வான். நான் மாட்டிக்கொண்டது இரண்டே இரண்டு மட்கார்டுகளில்.

லுக்குட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீஸ் நாற்காலியும் பேனாவும்தான் என் ஆயுதம். (நான் சுத்தியலை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தள்ளிப் போய்விடுவார்கள்.) இப்படிப்பட்டவன் நாலு வருடத்துக்கு முன் யூடியூப் பார்த்து ஒரு கேம்பிங் வண்டி கட்டத் தொடங்கினேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, கண்ணீர்த்துளி வடிவக் குட்டி வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்கதவைத் தூக்கினால் ஓர் அடுப்பு மேடை.

எல்லாம் என் மனைவி ஸ்டெல்லாவுக்காக. கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக எங்களுக்கு லீவு என்றால் சொந்தக்காரர் வீடுதான். கிள்ளானில் அவள் அக்கா வீடு, ஈப்போவில் என் தம்பி வீடு. எங்கே போனாலும் பையை இறக்கி வைத்த அரைமணி நேரத்தில் ஸ்டெல்லா அடுப்படியில் நிற்பாள். கடைசியில் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒரே ஒரு நாள் போதும்ங்க. கடல் பக்கத்துல இருக்கணும். யாருக்கும் சமைக்கக் கூடாது. ஒரு முட்டைகூடப் பொரிக்க மாட்டேன்."

அந்த நிமிடமே போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்தேன். அடுப்பு மேடையைப் பார்த்து அது யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். (எனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும். அதோடு சரி.)

தோட்டத்துப் பட்டறை போர்மன் முனியாண்டி இரும்புச் சட்டத்தை ஒட்டித் தந்தார். ரோட்டில் ஓட்ட வேண்டிய அனுமதித் தாள்கள் எல்லாம் தயார். தாள் வேலை என்றால் கிராணிக்குச் சொல்லியா தர வேண்டும்? சக்கரத்துக்கு மேலே மட்கார்டு மட்டும்தான் பாக்கி. அதை எதில் செய்வது?

அங்கேதான் எனக்குப் பித்துப் பிடித்தது. அலுமினியத் தகட்டைக் கையில் எடுத்தேன். ஆகா, என்ன பளபளப்பு, என்ன லேசு! மறுநாள் ஒரு சின்னக் கல் பட்டுக் குழி விழுந்தது. இரும்பு கம்பீரம்தான், ஆனால் கடல் காற்றில் துரு பிடிக்கும். ஃபைபர் கிளாஸ் நன்றாக வளையும். அதன் பிசினை ஊற்றிப் பார்த்ததில், அது சிந்தி இறுகி என் சட்டைதான் வளையாமல் நின்றது. ஒவ்வொன்றையும் கோயிலில் சாமி பார்ப்பதுபோல் வாய் பிளந்து பார்த்தேன், ஒன்றையும் முடிவு செய்யவில்லை. பயணம் மூன்று முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லா மடித்து வைத்த துணிகளைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில் தோட்டத்து மேட்டில் மிச்சமிருந்த ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள். அறுத்த பலகையைப் பார்த்தேன். பாலாடை நிறம். தொட்டால் கன்னம் மாதிரி மென்மை. இந்த மரத்தில் செய்த மேசை நாற்காலிகள் கப்பலேறி உலகம் முழுக்கப் போகின்றனவே, நம் மட்கார்டுக்கு ஆகாதா? முனியாண்டியிடம் சொன்னபோது அவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டார்.

"கிராணி, ரப்பர் மரம் மழைக்குத் தாங்காது லா. நீலப் பிளாஸ்டிக் தோங் கெடக்கு, அத வெட்டிப் போடுங்க. அதுக்குச் சாவே இல்ல."

களைமருந்து வந்த பழைய தோங் டிரம்மை வெட்டி என் மனைவியின் கனவு வண்டிக்கு மாட்டுவதா? கேட்பேனா நான்! (நாற்காலிக்குப் போகும் ரப்பர் பலகையை முதலில் மருந்தில் ஊறவைத்து, சூளையில் உலர்த்துவார்கள். அது நான் பார்த்த யூடியூப் வீடியோவின் பிற்பாதியில் வந்ததாம். நான் முற்பாதியிலேயே மரத்தைத் தேடி ஓடிவிட்டேன்.) வளைத்த இரும்புப் பட்டைகளின் மேல் பச்சைப் பலகைத் துண்டுகளை வரிசையாகப் போல்ட் போட்டு முடுக்கினேன். மேல்பக்கம் மூன்று பூச்சு வார்னிஷ். அடிப்பக்கம்? அதைப் படுத்துக்கொண்டு யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டேன்.

பிறகு மூன்று வாரம் அடைமழை. வண்டியைக் கென்வஸால் மூடி வைத்தேன். மழை ஓய்ந்த சனிக்கிழமை காலை மூடியை உருவினால், மேலே வார்னிஷ் மின்னுகிறது. அட, நான் செய்ததா இது! என்னை நானே வியந்தபடி புறப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அடிக்கடி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். சந்தோஷம் போலும் என்று நினைத்தேன்.

கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு நடுவே நிறுத்தினோம். ஸ்டெல்லா மடக்கு நாற்காலியை விரித்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கூடாரத்தில் கோலப்பிலாவிலிருந்து வந்த ஒரு மலாய்த் தம்பதி. அந்த மக்சிக் (வயதில் மூத்த மலாய்ப் பெண்ணை அப்படித்தான் அழைப்போம்) என் சக்கரத்தருகே வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கணவரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்தார். இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்தன. எல்லார் முகத்திலும் அப்படியொரு பிரமிப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, பலகையை எப்படித் தேர்ந்தெடுத்தேன், எத்தனை பூச்சுப் பூசினேன் என்று மலாயில் ஒரு பிரசங்கமே செய்தேன். ஆழ்ந்து கேட்பதாகத்தான் பட்டது. நடுவில் மக்சிக் கையை நீட்டி என் மட்கார்டிலிருந்து எதையோ கிள்ளினார்.

"செண்டாவான் குக்குர்!" என்றார், தங்கம் கிடைத்தவர்போல.

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். மட்கார்டின் அடிப்பக்கம் முழுக்கக் காளான்! விரல்நக அளவில், வெள்ளை விசிறி விசிறியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இம்மி இடமில்லாமல். பட்டுப்போன ரப்பர் மரத்தில் முளைக்கிற காளான் அது. தேங்காய்ப் பாலில் போட்டால் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்காரர்கள் அதற்காக உயிரையே விடுவார்கள். மூன்று மாதம் யோசித்து நான் செய்ததைவிட மூன்று வாரத்தில் மழை செய்தது ஆயிரம் மடங்கு அழகு. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கப்படக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். மக்சிக்கின் கணவர் ஒரு பலகையை லேசாக இழுக்க, அது நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

அடியில் சாயம், வார்னிஷ் ஏதும் அடித்தேனா என்று மக்சிக் கேட்டார். சோம்பேறித்தனத்தால் அடிக்கவில்லை என்று தலைகுனிந்து ஒப்புக்கொண்டேன். மெத்தச் சரி என்று முதுகில் தட்டினார். அன்று என் வேலையில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

காளான் ஒரு சட்டி நிறையச் சேர்ந்தது. தேங்காய்ப் பாலும் காரமிளகாயும் மக்சிக்கிடமே இருந்தன. யார் சமைப்பது என்று கேட்டார். கேட்டதும் அத்தனை தலையும் ஸ்டெல்லா பக்கம் திரும்பியது. ஒரே ஒரு நாள் கேட்டாளே, அதையும் என் மட்கார்டு தின்றுவிட்டதே! ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

நான்தான் சமைப்பேன் என்றேன். மக்சிக் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கரண்டியைக் கையில் கொடுத்து மிரட்டி மிரட்டிச் சமைக்க வைத்தார். முதல் தட்டை ஸ்டெல்லாவிடம் கொண்டுபோனேன். மணலில் கால் புதைத்து, கடலைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டாள். உட்கார்ந்த இடத்துக்கு அவளுக்குத் தட்டு வந்து நான் பார்த்ததே இல்லை. அவமானத்தோடு மன்னிப்புக் கேட்டேன்.

"புதன்கிழமை தலகாணி வைக்கப் போனப்பவே பார்த்துட்டேன்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னும் மூனு மாசம் பலகை பார்த்திருப்பீங்க. எனக்குக் கடல் வேணும்ங்க."

இவளோடுதான் இருபத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன் என்பதை நம்பவே முடியவில்லை.

இப்போது வண்டியில் நீலத் தோங் மட்கார்டு. அதில் ஒரு பாசிகூடப் பிடிக்கவில்லை. போன மாதம் கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். பை இறக்கி அரைமணி நேரம் ஆனதும் அடுப்படியிலிருந்து வழக்கம்போல "ஸ்டெல்லா" என்று குரல் வந்தது. ஸ்டெல்லா சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள்.

"மட்கார்டு செஞ்சவரக் கூப்பிடுக்கா" என்றாள்.

கூடமே சிரித்தது. நான் எழுந்து வெங்காயம் உரிக்கப் போனேன்.