‘வேண்டாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று திருத்தியது பற்றி

அன்பு மைத்துனனுக்கு, அத்தான் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். கம்ப்யூட்டரும் இப்போது சௌக்கியம். அங்கே நீயும் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். என் மீது கோபம் இருந்தால், கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் அக்காவுக்குக் காதில் புதுக் கருவி பொருத்தியதிலிருந்து, ஆறேழு வருடமாக வாயசைவை மட்டும் பார்த்த படங்களையெல்லாம் சத்தத்தோடு மறுபடி பார்க்க ஆசை. டிவியோடு இணைக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றதும், அந்தத் தொழிலிலேயே இருக்கிற நீ, என்னென்ன பாகம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினாய். அங்கேதான் சனி பிடித்தது. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? ‘விசிறி இல்லாத சின்னப் பெட்டி’ என்று எழுதியிருந்தாய். விசிறி இல்லாமல் கம்ப்யூட்டரா, பாவம், அவசரத்தில் எழுதியிருக்கிறான் என்று ‘இல்லாத’வை அடித்து ‘உள்ள’ என்று போட்டேன். விசிறி வந்தபின் பெட்டி எப்படிச் சின்னதாக இருக்கும்? அதுவும் ‘பெரிய’ ஆனது. ‘தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்’ என்ற இடத்தில் ஒரே ஓர் எழுத்துதான் மாற்றினேன்.

கடைக்காரர் பட்டியலைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

“சார், வீட்ல யாராவது கேம் ஆடுவாங்களா?”

“இல்லப்பா, நானும் வீட்டம்மாவும் படம் பாப்போம்.”

“என்ன மாதிரிப் படம் சார்?”

“குடும்பப் படம்தான்.”

அவர் உடனே பில் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

வந்து சேர்ந்த பெட்டி டிவி அலமாரிக்குள் நுழையவில்லை; தச்சர் வந்து அலமாரியின் முதுகை அறுத்தார்; அப்புறமும் ஒரு சாண் துருத்திக்கொண்டு நின்றது. மூன்று விசிறி, மூன்றுக்கும் கலர் விளக்கு. மத்தியானம் திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடிப் படத்தைப் போட்டேன். கால் மணி நேரம் ஆகவில்லை, உன் அக்கா, “என்னங்க, மழை பிடிச்சிருச்சு, துணிய எடுங்க” என்று பதறினாள். நான் விழுந்தடித்து மொட்டை மாடிக்கு ஓடினால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சொன்னால் நம்பாமல் அவளும் ஏறி வந்து பார்த்தாள். இரைச்சலெல்லாம் பெட்டியிலிருந்துதான். இறங்கி வந்ததும் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, “படம் ஓடட்டும், எனக்குப் பழக்கம்தானே” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளே என் திருத்தங்களையெல்லாம் அடித்துவிட்டு, நீ எழுதியது எழுதியபடி கடைக்காரரிடம் நீட்டினேன். துக்க முகத்தோடு பெரிய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போதிருப்பது இரண்டு உள்ளங்கை அகலம்தான். விசிறி இல்லை, சுற்றுகிற ஹார்டு டிஸ்க் இல்லை. சூட்டை அதன் அலுமினிய உடம்பே வெளியே விட்டுவிடுகிறது. ஓடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றுப் பார்த்த படத்தில் ஒருத்தி மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். வசனம் இல்லை, இசை இல்லை. உன் அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, “பேனா கீறுற சத்தம் கேக்குதுங்க” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, “ஆமா” என்றேன். வேறென்ன வேண்டும் எனக்கு? உன் எழுத்தில் பிழையே இல்லை என்று இதனால் ஒப்புக்கொள்கிறேன். இனி இந்த வீட்டில் விசிறி என்ற பேச்சுக்கே இடமில்லை.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உன் அக்கா இப்போதுதான் இதை வாங்கிப் படித்தாள். படம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் நான் தூங்கிவிடுகிறேனாம். வீடு இத்தனை அமைதியானபின் என் குறட்டை ஒவ்வொரு இழையாகக் கேட்கிறதாம். அந்தப் பெரிய பெட்டியைக் கடைக்காரர் விற்றுவிட்டாரா என்று பார்த்து வரச் சொல்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.